படையல் நாளில் தப்பிய வாத்து

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் கஸ்பார் என்கிற மீன்காரர். கால் கிலோ நெத்திலியோடு சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார் என்றே சொல்லலாம். ஈப்போவில் எங்கள் வரிசை வீடுகளுக்கு மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டி வைத்துக்கொண்டு வருவார். ஒருநாள் கெம்போங் மீனுக்குச் செதில் சீவிக்கொண்டே, "நீங்க கத எழுதுவீங்களாமே?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"செமோர்ல நான் யாவாரம் பண்ணப்ப ரெண்டு பொம்பளைங்க இருந்தாங்க. அவங்கள எழுதுங்களேன். நல்லா இருக்கும்லா."

கடைசி மீனின் குடலை எடுப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார். மீன் அன்றைக்கே குழம்பாகிவிட்டது. நான் மட்டும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்திரிகைக்காரர்கள் கேட்கும்போதெல்லாம், கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்கிறேன். அவர்களும் நம்புவதுபோல் தலையாட்டுகிறார்கள்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"ஏரியின்மேல் பனி ஒரு வெண்பட்டைப்போல விரிந்து—"

விட்டுவிட்டேன். அந்த வீட்டில் பனியைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. தவிர, அது ஏரியும் இல்லை. ஈயம் தோண்டி எடுத்துவிட்டுப் போன பள்ளம். மழை பெய்து நிரம்பிவிட்டது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஏரி என்பார்கள், படம் எடுப்பார்கள். கரையில் குடியிருப்பவர்கள் குட்டை என்பார்கள். ஓரத்தில் முழங்கால் அளவு மணல் திட்டு. நான்கு எட்டு வைத்தால் அடியே கிடையாது. இந்த விவரம் பிறகு தேவைப்படும் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இரண்டாவது தொடக்கம்:

"வீரம்மா கண் விழித்தபோது—"

இதுவும் முடியவில்லை. நான் எழுத உட்காருவதற்குள் அவள் எழுந்து, வாத்துக் கூண்டைத் திறந்துவிட்டு, அடுப்பு மூட்டி, தண்ணீர் டின்னைத் தூக்கிக்கொண்டு பாதி வழியில் இருந்தாள். அவள் கண் விழிப்பதை நான் ஒருநாளும் பிடித்ததில்லை. ஆகவே தண்ணீர் டின்னிலிருந்து தொடங்குகிறேன்.

வீரம்மா டின்னை இறக்கினாள். அன்றைக்கு அவள் புருஷன் சன்னாசிக்கு வருஷப் படையல். அவர்கள் வேலை பார்த்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீடும் போயிற்று. அப்போது இந்தக் குட்டைக் கரையில் பலகையும் தகரமும் வைத்துத் தன் கையாலேயே வீடு கட்டியவர் சன்னாசி. சுண்ணாம்புக்கல் மலையில் வேலை பார்த்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், விளக்கு வைக்கும் நேரத்தில் இல்லை.

அவர் போனபின் வீட்டில் இரண்டு பேர். ஒருத்தி வீரம்மா. இன்னொருத்தி சன்னாசியின் அக்கா முத்தம்மா. அம்மா செத்த பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். கலியாணமாகி மூன்றே வருஷத்தில் புருஷனை இழந்து, தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவள்.

இந்த இரண்டு பேரும் ஒரு வருஷமாக ஒருவரோடொருவர் பேசவில்லை.

3

[முதல் பிரதியில் முத்தம்மாவைக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். நாத்தனார் என்றதும் பேனா தானாக அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. கஸ்பாரிடம் படித்துக் காட்டினேன். "யாரு இது?" என்று கேட்டார். அந்தத் தாள்களைக் கிழித்துவிட்டேன்.]

நடந்தது இதுதான். அன்று நெஞ்சுவலி என்று வந்த சன்னாசிக்கு வீரம்மா இஞ்சிக் கசாயம் போட்டுக் கொடுத்தாள். வாய்வு என்று நினைத்தாள். அவரும் அப்படித்தான் சொன்னார், ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார். படுத்தார். எழுந்திருக்கவில்லை. மறுநாள் சாவு வீட்டில், தோட்டத்து ஜனம் மொத்தமும் உட்கார்ந்திருந்தபோது, முத்தம்மா மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரிக்கு நடுவே சொன்னாள்: "கசாயத்தக் குடுத்தே என் தம்பிய அனுப்பிட்டாளே."

வீரம்மா அழுகையை நிறுத்தினாள். அதன்பிறகு அவள் முத்தம்மாவிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. முத்தம்மாவும் இறங்கி வரவில்லை.

ஆனால் வீட்டுவேலை பேச்சில்லாமல் நடக்காது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலையில் மீன்காரர் வழியாகப் பேசினார்கள். மற்ற நேரத்தில் ஆடு வழியாக. ஆட்டின் பெயர் ராணி.

4

படையலன்று காலை கஸ்பார் வந்து ஹாரன் அடித்தார். வீரம்மா வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். முத்தம்மா கூண்டுக்குப் பக்கத்தில், அறுக்க வேண்டிய இரண்டு வாத்துகளின் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இருக்காது.

"மீன்காரரே, இன்னைக்கு வாத்துக் கறி," என்றாள் வீரம்மா. "மீனு வேணாம். வேற யாருக்காச்சும் வேணும்னா குடுங்க."

"கஸ்பாரு, நெத்திலி சம்பல் இல்லாம என் தம்பி சோத்துல கை வைக்க மாட்டான்," என்றாள் முத்தம்மா. "தெரியாதவங்களுக்குச் சொல்லு."

கஸ்பார் வீரம்மா பக்கம் திரும்பினார். "அவங்க என்ன சொல்றாங்கன்னா—"

"காதுல விழுந்துச்சு. நெத்திலி போடுங்க. ஆனா வெங்காயம் உரிக்க எனக்குக் கை இல்லன்னு சொல்லுங்க."

கஸ்பார் முத்தம்மா பக்கம் திரும்பினார்.

"நான் உரிச்சிக்கறேன்னு சொல்லு."

"உரிச்சிக்கறாங்களாம்."

நெத்திலியை நிறுத்துக் கொடுத்தார். பொழுது சாயப் படையலுக்கு வந்துவிடும்படி இரண்டு பேருமே தனித்தனியாக அழைத்தார்கள். இரண்டு முறையும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. "எனக்கு வேல அதுதான்லா," என்றார். "மீனு சும்மா சாக்கு."

5

மோட்டார் சத்தம் அடங்கியது. முத்தம்மா கூண்டுப் பக்கமிருந்து எழுந்து, ஆட்டுக்குப் பலா இலையை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"ராணி, நல்லாத் தின்னுக்க. நாளையிலேர்ந்து எல வெட்டிப் போட நான் இருக்க மாட்டேன். சின்னையா லோரி பாகான் செராய்க்குத் திரும்பிப் போறப்ப அதுலயே நானும் ஏறிடறேன். வருஷம் முடிஞ்சிச்சி. இனி எனக்கு இங்க என்னா இருக்கு?"

சின்னையா முத்தம்மாவுக்கும் சன்னாசிக்கும் ஒன்றுவிட்ட தம்பி. பாகான் செராயில் நெல் மூட்டை ஏற்றும் லோரி வைத்திருந்தான். படையலுக்கு வரப்போகிறவன்.

வீரம்மா கரி பிடித்த பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

[இந்த இடத்தில் அவள் எழுந்து குட்டைக் கரைக்குப் போக வேண்டும், ஒரு கல்லில் உட்கார வேண்டும், தண்ணீரைப் பார்த்தபடி யோசிக்க வேண்டும் என்பது என் திட்டம். ஒரு பக்கத்துக்கு மனப்போராட்டம் எழுதி வைத்திருந்தேன். ஆனால் அவளை உட்கார வைக்க முடியவில்லை. பானை பாதியில் இருந்தது. பருப்பு வேக வேண்டும். துவைத்துப் போட்ட சேலை கொடியிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது, திரும்ப அலச வேண்டும். படத்துக்குப் பூ கட்டவில்லை. கூரைத் தகரம் ஒன்று காற்றில் படபடத்தது, அதன்மேல் கல் வைக்க வேண்டும். எழுதி வைத்த பக்கம் அப்படியே இருக்கிறது. வேறு ஏதாவது கதையில் உட்காரக்கூடிய ஒருத்தி வந்தால் பயன்படுத்திக்கொள்வேன்.]

யோசிக்காமல் இல்லை. வேலை செய்துகொண்டே யோசித்தாள். தகரத்தின்மேல் கல்லைத் தூக்கி வைத்தபோது, போகட்டும் என்று நினைத்தாள். ஒரு வருஷமாகத் தொண்டையில் ஒரு பதில் கிடந்தது. அடுப்படியில், விறகு பொறுக்கையில், தண்ணீர் சுமக்கையில் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள். 'ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான்தான் கூப்பிட்டேன். வர மாட்டேன்னது உங்க தம்பி' என்று தொடங்கும் அது. சொல்ல வேண்டிய ஆள் லோரி ஏறிப் போய்விட்டால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பூ கட்டும்போது இது தோன்றியது. நூல் அறுந்தது. வேறு நூல் எடுத்தாள்.

6

முத்தம்மா ஒரு வாத்தை அறுத்து வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கக் கொண்டுவந்து வைத்தாள். வீரம்மா பிடுங்கத் தொடங்கினாள். இரண்டாவது வாத்துக்குப் போன முத்தம்மா, "அட சனியனே!" என்றாள்.

கால் கட்டு அவிழ்ந்திருந்தது. வாத்து கரையில் இறங்கி, தண்ணீரில் கால் வைத்து, அவசரமே இல்லாமல் நீந்திப் போய்க்கொண்டிருந்தது.

கரையில் ஒரு தெப்பம் கட்டிக் கிடக்கும். தார் டிரம்மின்மேல் பலகை அடித்தது, சன்னாசி செய்தது. ஓரமாக மிதந்து வாத்துக்குத் தழை அறுக்க ஆகும். முத்தம்மா அதில் ஏறி, மூங்கில் கோலை ஊன்றித் தள்ளினாள். முதல் ஊன்றல் மணலில் பதிந்தது. இரண்டாவது சேற்றில். மூன்றாவதுக்கு அடியே தட்டவில்லை. அவள் முழு எடையும் கோலின்மேல் இருந்தது. விழாமலிருக்க அவள் கோலை விட வேண்டியிருந்தது. கோல் தனியே மிதந்தது. குன்றுப் பக்கமிருந்து வந்த காற்று தெப்பத்தை நடுக் குட்டைக்குத் தள்ளியது.

முத்தம்மாவுக்கு நீந்தத் தெரியாது. வீரம்மாவுக்கும் தெரியாது.

வீரம்மா பாதி பிடுங்கிய வாத்தைக் கையில் பிடித்தபடியே கரைக்கு ஓடினாள். தெப்பத்தில் முத்தம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒரு பக்கம் டிரம் அமுங்கியது. வீரம்மா சுற்றிலும் பார்த்தாள். மீன்காரர் போய்விட்டார். சாலையில் ஒருவரும் இல்லை. ஆடு மட்டும் நின்றது.

"ராணி!" என்று கத்தினாள் வீரம்மா. "அங்க இருக்கறவங்கள உக்காரச் சொல்லு!"

ஆடு இலையை மென்றது.

தெப்பம் இன்னொரு முறை சாய்ந்தது.

"அண்ணி! உக்காருங்க!"

முத்தம்மா சட்டென்று உட்கார்ந்தாள். தெப்பம் நிமிர்ந்தது.

ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. இந்த இடத்தில் இரண்டு பேருக்கும் கண் கலங்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் தண்ணீர்மேலிருந்து வந்தது இது:

"இப்பத்தான் வாய் தொறந்துச்சா? ஒரு வருஷமா எங்க போச்சு?"

"எங்க போச்சா? புருஷனக் கொன்னவன்னு ஊர் முன்னால சொல்லிட்டீங்க, அப்புறம் என்னா வாய்?"

"நீ கொன்னேன்னு நான் சொல்லல! கசாயம் குடுத்தேன்னுதான் சொன்னேன்!"

"ரெண்டும் ஒண்ணுதான்!"

"ரெண்டும் ஒண்ணு இல்ல!"

(கஸ்பார் அப்போது அங்கே இல்லை. பிறகு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தண்ணி மேல பேசினா அந்தக் கரை மலாய்க்காரங்க கம்போங் வரைக்கும் கேக்கும்," என்றார். தமிழ் தெரியாதவர்களுக்குக்கூட விஷயம் புரிந்துவிட்டதாம்.)

காற்று நிற்கவில்லை. தெப்பம் தள்ளிப்போகப் போக, இருவரும் இன்னும் உரக்கக் கத்த வேண்டியிருந்தது. வீரம்மா தன் பதிலைத் தேடினாள். ஒரு வருஷம் பழகிய பதில். ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. வந்தது வேறு.

"நீங்களும்தான அங்க இருந்தீங்க! நான் சொன்னா அவரு எப்பக் கேட்டிருக்காரு? நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா எழுந்து வந்திருப்பாரு! நீங்க ஏன் சொல்லல?"

 வீரம்மாவுக்கே தான் சொன்னது இப்போதுதான் கேட்டது. இதை அவள் நினைத்ததுகூட இல்லை. நினைத்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

தெப்பத்திலிருந்து குரல் வந்தது. கத்தவில்லை. ஆனாலும் கேட்டது.

"தெரியும்."

பிறகு:

"அத எப்படி என் வாயால சொல்றது? அதான் உன்னச் சொன்னேன்."

வீரம்மா தண்ணீரில் இறங்கினாள். முழங்கால். இடுப்பு. அடுத்த எட்டு இல்லை என்று காலுக்குத் தெரிந்தது. அங்கேயே நின்றாள். வாத்து இன்னும் கையில் இருந்தது.

"வீரம்மா," என்றாள் முத்தம்மா.

"என்னா அண்ணி?"

"பருப்பு தீயுது."

உண்மைதான். வாசம் குட்டைவரைக்கும் வந்துவிட்டது.

7

வீரம்மா ஓடிப்போய் அடுப்பிலிருந்து விறகை இழுத்துப் போட்டாள். திரும்பி வந்து பார்க்கும்போது காற்று தெப்பத்தை எதிர்க் கரைக்கே கொண்டுபோயிருந்தது. முத்தம்மா அங்கே நாணலைப் பிடித்துக்கொண்டு கால் வைத்து இறங்குவது தெரிந்தது. வீரம்மா லாலான் புல்லுக்குள் புகுந்து, குட்டையைச் சுற்றிக்கொண்டு எதிர்கொள்ளப் போனாள்.

இருவரும் சேர்ந்து திரும்பி நடந்தார்கள். என்ன பேசினார்கள்?

கம்போங்கில் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நடந்ததால் கத்த வேண்டியிருக்கவில்லை. இது கஸ்பாருக்கும் தெரியாத இடம். ஆகவே என் பொறுப்பு. எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: வீரம்மா முத்தம்மாவைக் கட்டிக்கொண்டு— அவள் கையெல்லாம் வாத்து இறகு. சேலை இடுப்புவரை சேறு. முத்தம்மா கட்டிக்கொள்ள விட்டிருக்க மாட்டாள்.

இன்னொன்று: "நான் எங்கயும் போகல" என்று முத்தம்மா சொல்ல— இப்படி எழுதினால் கதை அந்தப் பாதையிலேயே முடிந்துவிடும். படையலை யார் செய்வது?

மூன்றாவது பிரதியில் முத்தம்மா, செத்தவனின் சின்ன வயசுக் கதை ஒன்றைச் சொல்கிறாள், இருவரும் சிரிக்க— நன்றாகத்தான் வந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டேன்.

[இங்கே ஒரு நடை. லாலான் உயரமாக இருந்தது.]

வீட்டுக்கு வந்ததும் முத்தம்மா கேட்டாள்: "தேங்கா துருவியாச்சா?"

"இல்ல."

"அருவாமணைய எடு."

நடுவில் மீன்காரரும் இல்லை, ஆடும் இல்லை. அதைக் கவனிக்க இருவருக்கும் நேரமில்லை. பொழுது ஏறிவிட்டது. தேங்காய், வெங்காயம், கறி, சோறு, வாழை இலை. அடிப்பிடித்த பருப்பை மேலாக எடுத்து வேறு சட்டிக்கு மாற்றினார்கள். தப்பிப்போன வாத்து மத்தியானத்துக்கு மேல் தானாகக் கரையேறி, கூண்டில் மற்றவற்றோடு நின்றது. அதை அறுக்க யாருக்கும் தோன்றவில்லை. கறிக்கு உருளைக்கிழங்கு சேர்த்துக்கொண்டார்கள்.

8

சின்னையாவின் லோரி வந்தது. பின்னால் பழைய தோட்டத்து ஆட்கள். கஸ்பார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். படத்துக்கு முன்னால் மூன்று இலை போட்டு, வாத்துக் கறி, நெத்திலி சம்பல், ஒரு பாட்டில் ஸ்டவுட் பீர், ஒரு பாக்கெட் சிகரெட் வைத்தார்கள். கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றார்கள். செத்தவர் சாப்பிட நேரம் கொடுத்தபின் திறந்தார்கள்.

பந்தியில் சின்னையா பருப்பை முகர்ந்து பார்த்தான். "என்னாக்கா, பருப்புல ஒரு மாதிரி வாசம்?"

"ஒண்ணுமில்ல," என்றார்கள் இரண்டு பேரும், ஒரே சமயத்தில். பந்தியில் இருந்தவர்கள் சோற்றிலிருந்து தலை தூக்கினார்கள். கஸ்பார் மட்டும் தொடர்ந்து சாப்பிட்டார்.

சாப்பாடு முடிந்தது. வடக்கே மேகம் கட்டியது. சின்னையா லோரியைத் திருப்பி நிறுத்தினான்.

"அக்கா, ஏறுங்க. மழ பிடிச்சிக்கும்."

முத்தம்மா உள்ளே போய்ப் பிரம்புப் பையோடு வந்தாள். அது காலையிலேயே கட்டி வைத்தது. யாரும் அவிழ்க்கவில்லை. யாரும் அவிழ்க்கச் சொல்லவுமில்லை. லோரியில் ஏறியிருந்த தோட்டத்து ஆட்கள் பின்னால் நகர்ந்து இடம் விட்டார்கள்.

வீரம்மா குட்டை ஓரத்தில் அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். இன்ஜின் சத்தம் கேட்டது. பேசியாயிற்று, சண்டை போட்டாயிற்று, சொல்லக் கூடாததைச் சொல்லி, கேட்கக் கூடாததைக் கேட்டுமாயிற்று. இனிமேல் போகிறவள் நிம்மதியாகப் போகலாம். அதுதான் நியாயம். அண்டாவைக் கவிழ்த்தாள். திரும்பிப் பார்த்தால் வீடு தெரிந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, வாசலில் ஆடு. நாளைக் காலையில் இதில் தான் மட்டும் எழுந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். அன்றைக்கு அவள் வேலையில்லாமல் நின்றது அந்த ஒரு நொடிதான்.

[நான் பிடித்துவிட்டேன். நின்றாள்.]

ஈரக் கையோடு லோரிக்கு வந்தாள். முத்தம்மா ஏறுவதற்கு ஒரு காலைப் படிக்கு உயர்த்தியிருந்தாள்.

"அண்ணி."

முத்தம்மா காலை இறக்கினாள்.

வீரம்மா முகத்தைத் துடைத்தாள். கை ஈரம் என்பதால் துடைத்தும் பயனில்லை.

"நீங்க போய்ட்டா," என்றாள், "நாளைக்கு நான் யாருகிட்ட பேசாம இருக்கறது?"

9

லோரியில் ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. முத்தம்மா வீரம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

கஸ்பார் பக்கத்தில்தான் நின்றார், முத்தம்மா சொன்னது அவருக்குத் தெரியும். எனக்கும் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன், அது நான் இட்டுக்கட்டியதுபோல இருந்தது. நானே ஒன்று இட்டுக்கட்டினேன், அது அவர் சொன்னதுபோலவே வந்தது. இரண்டையும் எடுத்துவிட்டேன். "அப்ப யாருதான் முடிப்பா?" என்று கஸ்பார் கேட்டார். படிக்கிறவர்கள் என்றேன். "அவங்க என்னா பாவம் பண்ணாங்க?" என்றார்.

பாவம் எதுவும் இல்லை. ஆனால் இவ்வளவு தூரம் வந்தவர்கள் நீங்கள்தான். முத்தம்மா என்ன சொன்னாள் என்பதை நீங்களே சொல்லுங்கள். அவசரமில்லை என்று சொல்ல ஆசை. ஆனால் சின்னையா இன்ஜினை அணைக்கவில்லை, முதல் தூறல் விழுந்துவிட்டது, முத்தம்மாவின் கையில் இருக்கும் பையோ நல்ல கனம். யோசிக்க நேரம் வேண்டுமென்றால், முதலில் அந்தப் பையை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வையுங்கள்.